ஜெராய் மலை பார்த்த சன்னல்

சேசு மரி சூசை துணை

சுங்கைப்பட்டாணி
1.2.1942

அன்புள்ள பிரிஜெட்டுக்கு,

இஞ்ஞாசிமுத்து எழுதிக்கொண்டது. நான் உயிரோடுதான் இருக்கிறேன். நீயும் கேதரினும் லூனாஸில் லியோனார்ட் மச்சான் வீட்டில் பத்திரமாக இருப்பதாக வண்டிக்கார முருகையா சொன்னார். இனி தபாலை நம்பவேண்டாம். மாதத்துக்கு ஒரு முறையாவது அவர் மாட்டுவண்டி இரண்டு பக்கமும் போய் வருகிறது. அவர் கையில் கொடுத்தனுப்பினால் வந்து சேரும்.

கிறிஸ்துமசுக்கு மறுநாள் நான் அங்கே வந்தபோது மச்சான் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியதில் எனக்கு வருத்தமில்லை. உள்ளே கேதரின் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதையாவது கேட்டேனே என்று திரும்பினேன்.

குண்டு விழுந்த அன்றைக்கு நடந்ததை நான் மறக்கவில்லை. அதற்கு முந்தைய வாரமே நீ பழைய சேலையை நாடா நாடாவாகக் கிழித்து, மாவுப் பசையும் காய்ச்சி வைத்திருந்தாய். "குண்டு விழுந்தா கண்ணாடி தெறிக்குமாம், குறுக்க ஒட்டிருவோம்" என்றாய். "புதுக் கண்ணாடியக் கந்தலாக்காத, இங்கெல்லாம் போடமாட்டான்லா" என்று சொன்னவன் நான். தெருவிலேயே கண்ணாடிச் சன்னல் வைத்த வீடு நம்முடையதுதான் என்கிற பெருமை என் கண்ணை மறைத்துவிட்டது. டிசம்பர் எட்டு, அமலோற்பவ மாதா திருநாள் காலை, பூசைக்குப் புறப்பட்டு நீ பிள்ளைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாய். விமானத் திடலில் ஜப்பான்காரனின் முதல் குண்டு விழுந்த சத்தத்துக்கு அவள் சன்னலுக்கு ஓடினாள். அதற்குமேல் எழுத முடியவில்லை.

ஆறு சன்னலுக்கும் பலகை அடித்துவிட்டேன். பகலிலும் விளக்கு வேண்டியிருக்கிறது. அவள் கண் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுது. என்னைப் பற்றி எதுவும் கேட்கவேண்டாம், அவளைப் பற்றி மட்டும் எழுது.

இப்படிக்கு,
இஞ்ஞாசிமுத்து


லூனாஸ்
22.2.1942

கேதரினின் அப்பாவுக்கு,

பிரிஜெட் எழுதுவது. கேட்டீர்களே என்று எழுதுகிறேன்.

காயம் ஆறிவிட்டது. வலது கண் போனது போனதுதான். இடது கண்ணால் எல்லாம் பார்க்கிறாள், படம் பார்க்கிறாள், கோழிக்குஞ்சை எண்ணுகிறாள். தோட்டத்து டிரசர் பரஞ்சோதி வந்து மருந்து போட்டுப் போகிறார். அவர் ஏதேதோ சொல்வார். ஆஸ்பத்திரியில் ஆள் இல்லாத காலத்தில் எல்லாரும் பெரிய டாக்டர்தான்.

நேற்று அண்ணி கையிலிருந்து எண்ணெய்ப் போத்தல் நழுவி உடைந்தது. பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தவள் மாலை வரை வெளியே வரவில்லை. இது உங்களுக்குத் தெரியவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பலகை அடித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அப்படியே இருக்கட்டும். கண்ணாடி இருக்கிற வீட்டுக்குள் நானோ என் பிள்ளையோ காலெடுத்து வைக்கமாட்டோம்.

பிரிஜெட்


சேசு மரி சூசை துணை

சுங்கைப்பட்டாணி
17.5.1942

அன்புள்ள பிரிஜெட்டுக்கு,

இடது கண்ணால் கோழிக்குஞ்சு எண்ணுகிறாள் என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிக்காகவே உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். வேர்வையில் மை அழிந்துவிட்டது, ஆனாலும் எனக்கு மனப்பாடம்.

நம் மோட்டார் பட்டறையை ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டான். நாங்களே அங்கே வேலை செய்கிறோம், மேலாள் மட்டும் அவன் ஆள். ஊரைவிட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும், அது எனக்குக் கிடைப்பதில்லை. ஆனால் வேலையாக குரூண் பக்கம் லாரியில் கூட்டிப்போகிறார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டத்துக் கித்தா மரங்களுக்கு நடுவே வெள்ளைக்காரன் பட்டாளம் விட்டுப்போன லாரிகளும் கார்களும் கிடக்கின்றன. அவற்றிலிருந்து சாமான் கழற்றுவதுதான் என் வேலை.

கோபப்படாமல் மேலே வாசி. அங்கே ஒரு லாரியின் முன்கண்ணாடியில் நான்கு தோட்டா ஓட்டை. ஓட்டையைச் சுற்றி வெடித்து வெள்ளையாக இருக்கிறதே தவிர, கண்ணாடி சட்டத்திலேயே நிற்கிறது. ஓட்டுகிறவன் இடத்தில் ரத்தக் கறை இருந்தது, கண்ணாடிச் சில்லு ஒன்றுகூட இல்லை. பட்டறையில் இதை முன்பே பார்த்திருக்கிறேன், ஆனால் வீட்டோடு சேர்த்து யோசித்ததில்லை. இரண்டு மெல்லிய கண்ணாடிக்கு நடுவில் சினிமாப் பிலிம் மாதிரி ஒரு தாளை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். உடைந்தாலும் துண்டுகள் அந்தத் தாளைவிட்டு வருவதில்லை.

எல்லா வண்டியிலும் ஒரே கண்ணாடி இல்லை. பக்கத்துக் கதவுகளில் வேறு ஒரு வகை. ஒரு தட்டு தட்டினேன், மொத்தமும் கல்கண்டு போலப் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. அந்தக் கற்கள் கையைக் கிழிக்கவில்லை, ஆனாலும் உதிர்கிறதே! பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அது ஆகாது, அதை வெட்டவும் முடியாது. பழைய கார்களில் இருக்கிற தாள் வைத்த கண்ணாடி காமாலை பிடித்தமாதிரி மஞ்சளாகிவிட்டது, ஓரத்தில் குமிழ் வேறு. அதுவும் வேண்டாம். புதிய லாரிகளில் இருப்பது தண்ணீர் போலத் தெளிவு. அதைத்தான் எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். மேலாளிடம் சாடை காட்டிக் கேட்டேன். இரும்பாக இல்லாதவரையில் அவனுக்குக் கவலையில்லை, கொண்டு போ என்று கையசைத்தான்.

ஒற்றைக் கண்ணோடு இருக்கிற பிள்ளைக்கு வெளிச்சம் வேண்டும், பிரிஜெட். பலகைக்குள் பூட்டிவைத்தால் இருக்கிற கண்ணுக்கும் கேடு. முருகையாவிடம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு கொடுத்திருக்கிறேன். நீயே உடைத்துப் பார்.

இப்படிக்கு,
இஞ்ஞாசிமுத்து


லூனாஸ்
28.6.1942

கேதரினின் அப்பாவுக்கு,

பிரிஜெட் எழுதுவது.

துண்டை இரண்டு வாரம் தொடாமல் பரணில் போட்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் கோயிலுக்குப் போனபிறகு அம்மிக்கல்லில் வைத்துக் குழவியால் போட்டேன். ஆத்திரம் தீர எத்தனை போட்டேன் என்று கணக்கில்லை. உங்கள்மேல் போடுவதாக நினைத்துக்கொண்டு போட்டேன் என்பதையும் மறைக்கவில்லை. நொறுங்கிப்போயும் துணியைப் போல ஒன்றாகவே கிடந்தது. உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். குத்தவில்லை.

சத்தம் கேட்டும் கேதரின் ஒளியவில்லை. "என்னாம்மா அது?" என்று கிட்டே வந்தாள். கையில் கொடுத்தேன். மூக்குக்கு நேரே வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்பா வீட்டுதா?" என்றாள்.

எத்தனை சன்னலுக்குப் போடப் போகிறீர்கள்? எல்லாவற்றுக்கும் வேண்டாம். ஒன்றிரண்டு போதும். வரப்போகிறேன் என்று இதற்கு அர்த்தமில்லை.

அவளுக்கு இப்போது வெயில் கூசுகிறது. வெளியே விளையாடப் போவதில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். சாப்பாட்டுக் குறைவாக இருக்கும். அரிசிக்கு வரிசையில் நின்றால் பாதி நாள் கல்தான் கிடைக்கிறது. மரவள்ளிக்கிழங்குதான் மூன்று வேளையும். நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, அண்ணி கேட்கச் சொன்னாள்.

பிரிஜெட்


சேசு மரி சூசை துணை

சுங்கைப்பட்டாணி
4.10.1942

அன்புள்ள பிரிஜெட்டுக்கு,

அண்ணியிடம் சொல், நானும் மரவள்ளிதான் சாப்பிடுகிறேன். வீட்டுக்குப் பின்னால் நாற்பது குச்சி நட்டிருக்கிறேன்.

நீ சொன்னபடி இரண்டு சன்னல் மட்டும் செய்தேன். இரண்டும் ஜெராய் மலையைப் பார்த்த பக்கம். மற்ற நான்கிலும் பலகையே இருக்கிறது. இந்தக் கண்ணாடியை வெட்டுவது சாதாரண வேலை அல்ல. வைர முனையால் ஒரு பக்கம் கீறி, திருப்பிப் போட்டு அதே கோட்டில் மறு பக்கமும் கீறவேண்டும். இரண்டும் விரிசல் விட்டபிறகும் நடுத்தாள் விடாது. பிளேடைச் சுடவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கவேண்டும். மூன்று கண்ணாடி பாழாகி நான்காவது சரியாக வந்தது. ஓரத்தில் ஈரம் இறங்கினால் தாள் மஞ்சளாகிவிடும், அதனால் சுற்றிலும் தார் பூசி அடைத்திருக்கிறேன். சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் டயர் ரப்பரை அறுத்து வைத்தேன், அதிர்ச்சி வந்தாலும் தாங்கும்.

கேதரின் கட்டிலை அந்தச் சன்னலுக்கு எதிரே போட்டிருக்கிறேன். காலையில் எழுந்ததும் மலை தெரியும். மேகம் இறங்கினால் உச்சி மறைந்து, பத்து மணிக்குமேல் திரும்ப வரும். அவளுக்கு அது பிடிக்கும். வெயில் கூசுகிறது என்று எழுதியிருந்தாய், அதற்கு ஒரு திரையும் தைத்துவிட்டேன், என் தையல்தான், பார்த்துச் சிரிக்காதே.

கிறிஸ்துமசுக்கு வா. அவளிடம் ஏதாவது எழுதி வாங்கி அனுப்பு. அ, ஆ எழுதியிருந்தாலும் போதும்.

இப்படிக்கு,
இஞ்ஞாசிமுத்து


லூனாஸ்
13.12.1942

கேதரினின் அப்பாவுக்கு,

கிறிஸ்துமசுக்கு வர முடியாது. ரோடெல்லாம் தண்ணீர். பிள்ளைக்கும் உடம்பு சரியில்லை. எழுதி அனுப்பச் சொன்னீர்கள், இங்கே காகிதம் கிடைப்பதில்லை.

பிரிஜெட்


லூனாஸ்
2.5.1943

கேதரினின் அப்பாவுக்கு,

பிரிஜெட் எழுதுவது. பாஸ்கா திருநாளுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார், "இதை என்னிடம் சொன்னால் போதாது, அவரிடம் சொல்லவேண்டும்" என்றார். அதனால் எழுதுகிறேன். ஐந்து மாதமாக நீங்கள் அனுப்பிய கடிதங்களுக்கு ஏன் பதில் இல்லை என்பதும் இதில் இருக்கிறது.

கேதரினுக்குக் கண் தெரியவில்லை. இடது கண்ணும் போய்விட்டது.

நான் லூனாஸ் வந்த மூன்றாம் நாளே டிரசர் பரஞ்சோதி பிள்ளையைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "ஒடைஞ்ச கண்ண எடுத்துரணும்மா. பதினாலு நாளைக்குள்ள எடுத்துட்டா நல்லது. விட்டுட்டா அது நல்ல கண்ணையும் கெடுத்துரும். கூலிம் ஆஸ்பத்திரில ஒரு டாக்டர் இன்னும் இருக்காரு, நானே கூட வாரேன்" என்றார். நான் மாட்டேன் என்றேன். பொம்பளைப் பிள்ளை, முகத்தில் குழியோடு எப்படி வாழ்வாள் என்று நினைத்தேன். உள்ளே இருக்கிற கண்ணைத் தோண்டுவார்கள் என்பதை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. அவர் விடவில்லை. மூன்று முறை வந்தார். கடைசி முறை, "அவங்கப்பா ஒரு தடவ குருடாக்குனாரு, நீ இன்னொரு தடவ ஆக்கவா வந்த?" என்று கத்தி, கதவைச் சாத்தினேன். அண்ணனிடம்கூட அவர் சொன்னதை நான் சொல்லவில்லை.

அம்மிக்கல்லில் உடைத்த துண்டை மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தாள் என்று எழுதினேனே, அப்போதே கண் மங்கத் தொடங்கியிருந்தது. வெயில் கூசியதும் அதனால்தான். எனக்கு உள்ளுக்குள் தெரியும். சாப்பாட்டுக் குறைவு என்று உங்களுக்கு எழுதி என்னையும் ஏமாற்றிக்கொண்டேன். நீங்கள் மலை தெரியும் என்று எழுதிய கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "மலை எந்தக் கலரும்மா?" என்றாள். அப்போது அவளுக்கு நிழலாட்டம் மட்டும்தான் தெரிந்தது. மார்ச்சில் பெரிய நோன்பு தொடங்குவதற்குள் அதுவும் நின்றுவிட்டது.

நான் உங்களைத் தோட்டத்து ஜனம் கேட்க ஏசியிருக்கிறேன். உங்கள் குற்றம் ஒரு கண். இன்னொன்று என் குற்றம். பதினாறு மாதமாக இரண்டையும் உங்கள் தலையிலேயே வைத்திருந்தேன்.

இனி நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். கூப்பிட்டால் வருகிறேன். வேண்டாம் என்றால் பிள்ளையை மட்டுமாவது வந்து பாருங்கள். அண்ணன் இனித் தடுக்கமாட்டார்.

பிரிஜெட்


சுங்கைப்பட்டாணி
23.5.1943

பிரிஜெட்டுக்கு,

உன் கடிதம் பன்னிரண்டு நாளுக்கு முன்பு வந்தது. பட்டறை வாசலில் நின்றே வாசித்தேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உண்மையை நீ எழுதியதால் நானும் உண்மையை எழுதுகிறேன். இத்தனை நாள் நான் ஒருவனே பாவி என்று இந்த வீட்டில் மண்டியிட்டுக் கிடந்தேனே என்கிற கோபம். வீட்டுக்குப் போய்ச் சுத்தியலை எடுத்து, கட்டிலுக்கு எதிரே இருக்கிற சன்னலை ஏழெட்டு அடி அடித்தேன். விரிசல் சட்டம் முழுக்க ஓடியது. ஒரு துண்டும் விழவில்லை. விழாது என்று தெரிந்துதானே தேடித் தேடி எடுத்தேன்! கை ஓய்ந்து கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதோடு போயிருந்தால் நல்லது. மறுநாள் பட்டறையில் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்தார்கள். சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம், லாரி வேலை தெரிந்தவர்கள் வேண்டுமாம். யார் வருகிறீர்கள் என்று கேட்டதும் நான் கை தூக்கினேன். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை, நானே தூக்கிய கை. எங்கேயாவது போய்த் தொலையவேண்டும் என்றிருந்தது.

நான்கு நாள் கழித்து மனம் தெளிந்தது. மேலாளிடம் போய்ப் பெயரை அடித்துவிடுங்கள், என் பிள்ளைக்குக் கண் தெரியவில்லை, நான் லூனாஸ் போகவேண்டும் என்று தெரிந்த பாஷையில் எல்லாம் சொன்னேன். கன்னத்தில் அறைந்தான். மறுபடியும் போனேன். மறுபடியும் அறைந்தான். ஒரு நாள் அனுமதிச் சீட்டு கொடுங்கள், பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன். அதற்கும் இல்லை. செவ்வாய்க்கிழமை ரயில். மூன்று மாத வேலை என்கிறார்கள்.

பரஞ்சோதி அன்றைக்குச் சொன்னபோது நான் அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருப்பேன் என்று உனக்கு எழுத ஆசை. தெரியவில்லை, பிரிஜெட். நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடியிருப்பேனோ என்னவோ. அதனால் உன்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. இருந்தது, போய்விட்டது. அந்தக் கோபத்தில் தூக்கிய கையை மட்டும் இறக்க முடியவில்லை.

நீங்கள் இருவரும் இங்கே வந்துவிடுங்கள். சாவி பக்கத்து வீட்டுப் பாப்பம்மாவிடம் இருக்கிறது. மரவள்ளி பிடுங்குகிற பருவம். விரிசல் விட்ட சன்னலைப் பார்த்துப் பயப்படாதே, தொட்டாலும் கிழிக்காது, வந்தபிறகு நானே மாற்றுகிறேன். கேதரினிடம் நான் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீயே ஏதாவது சொல்லிவை.

உன்
இஞ்ஞாசிமுத்து


சேசு மரி சூசை துணை

சுங்கைப்பட்டாணி
21.11.1943

என் அன்புள்ளவருக்கு,

உங்கள் பிரிஜெட் எழுதிக்கொண்டது. நானும் கேதரினும் நலம். உங்கள் நலத்துக்காகத் தினமும் ஜெபமாலை சொல்கிறோம்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே புறப்பட்டோம், ஆனாலும் முருகையா எங்கள் கையில் அதைக் கொடுத்தபோது உங்கள் ரயில் போய் ஆறு நாளாகியிருந்தது. ஜூன் முதல் தேதியிலிருந்து நம் வீட்டில்தான் இருக்கிறோம். பாப்பம்மா சாவியைக் கொடுத்துவிட்டு, "ரயிலு பொறப்படற வரைக்கும் ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னாரும்மா" என்று அழுதாள்.

கேதரினுக்கு வீடு பழகிவிட்டது. அடுக்களைக்கும் கிணற்றுக்கும் நடுவே கயிறு கட்டியிருக்கிறேன், பிடித்துக்கொண்டு தானே போகிறாள். சன்னலுக்குக் கிட்டே போக ஒரு மாதம் விடவில்லை. ஒருநாள் நான் துணி துவைத்துவிட்டு வந்தபோது விரிசல் விட்ட கண்ணாடியை விரலால் தடவிக்கொண்டு நின்றாள். நான் பதறிப்போய்க் கையைப் பிடித்துப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. "இது யாரும்மா அடிச்சது?" என்றாள். அப்பா என்றேன். "என்மேல கோவமா?" என்று கேட்டாள். இல்லை, அம்மாமேல் என்றேன். அவளிடம் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பரஞ்சோதி சொன்னதையும் நான் செய்ததையும். எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன புரியும் என்று நினைத்தேன். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் தானாக வந்து மடியில் படுத்துக்கொண்டாள்.

ஆகஸ்டு மாதத்தோடு மூன்று மாதம் முடிந்தது. செப்டம்பரில் இந்த ஊர் லாரிக்காரர் பழனியாண்டியை மட்டும் திருப்பி அனுப்பினார்கள், காலெல்லாம் அழுகிப்போய். பார்க்கப் போனேன். உங்களோடு ஒரே ரயிலில் போனவராம். பாதி வழியில் உங்களை இறக்கி ஆற்றின் மேல்பக்கத்து முகாமுக்கு நடத்திக் கூட்டிப்போனார்களாம். "அந்தப் பக்கம் காலரான்னு சொன்னாங்க தங்கச்சி, நான் கண்ணால பாக்கல" என்றார். அவர் பார்க்கவில்லை என்று சொன்னதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இதற்கு முன்பு நான்கு கடிதம் எழுதினேன். முதல் மூன்றையும் பட்டறை ஆபீசில் கொடுத்தேன். வாங்கி மேசைமேல் வைத்தார்கள். அடுத்த தடவை போனபோதும் அவை அதே மேசையில் இருந்தன.

போன மாதம் நம் கெடா மாநிலத்தை ஜப்பான்காரன் சயாமுக்குக் கொடுத்துவிட்டான். ஊரில் சயாம் கொடி பறக்கிறது. நான் தபாலாபீசுக்குப் போய், சயாமுக்குக் கடிதம் போட இனி என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன். "இனிமே அது வெளியூரு இல்லலா அக்கா. நாமளும் சயாமு, அதுவும் சயாமு. நாலு நாள்ல போயிரும்" என்றார் அங்கே இருந்தவர். அதனால் நான்காவது கடிதத்தை அங்கேயே போட்டேன். இன்றோடு பத்தொன்பது நாள், பதில் இல்லை. அது உங்கள் கைக்கு வந்து சேரவில்லை என்று வைத்துக்கொண்டு, அதில் எழுதிய எல்லாவற்றையும் இதில் முதலிலிருந்து மறுபடி எழுதியிருக்கிறேன்.

உங்கள்
பிரிஜெட்